தங்கப்பொட்டு வீட்டு ஆவுடையப்பன்

ஆவுடையப்பன் வீட்டு அடுப்படி அலமாரியைத் திறந்தால் எண்ணெய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். தூக்குவாளியில் கடலை எண்ணெய், கேனில் மரச்செக்கு நல்லெண்ணெய், அப்புறம் தேங்காய் எண்ணெய், தவிட்டு எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், போதாக்குறைக்குச் சளி மருந்து பாட்டில் அளவுக்கு ஆலிவ் எண்ணெய் வேறு. செல்போனில் எவனாவது வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, "இதுவரைக்கும் நீங்க சாப்பிட்டது விஷம்" என்று ஆரம்பித்தால் போச்சு. மறுநாளே புது எண்ணெய் முன்வரிசைக்கு வரும், முந்தாநாள் வரைக்கும் அமிர்தமாக இருந்தது பின்வரிசைக்குப் போகும். அவர் சம்சாரம் மகாலட்சுமிக்கு எதையும் கீழே கொட்ட மனசு வராது. எல்லாத்தையும் ஒன்றாகக் கலந்து அப்பளம் பொரித்தாள். அப்பளத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் போன புரட்டாசிக்குப் பிறகு வந்தது. அதுக்கு முன்னாடி அவருக்கு எண்ணெயைப் பற்றியும் கவலை கிடையாது, உடம்பைப் பற்றியும் கவலை கிடையாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் நடத்துகிறவர். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்கோ அவர் வீட்டுத் துணி பெட்டி பெட்டியாகப் போகிறது. துணிதான் போகுமே தவிர முதலாளி போக மாட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனவன் நோயாளியாத்தான் திரும்பி வாரான்" என்பார். ஐம்பதைத் தொடப்போகிற வயசு, சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு தொந்தி.

ஆனால் ஊருக்குள் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பேண்டேஜ் இல்லை, நாய். வீட்டுக்குப் பின்னால் கம்பி வலை அடித்து, பால் மாதிரி வெள்ளையாக, மூக்கு மட்டும் ரோஸ் நிறமாக, அசல் ராஜபாளையம் நாய்கள் வளர்த்தார். நாய் விஷயத்தில் மனுசன் புலிதான், அதை மறுக்க முடியாது. ஒரு குட்டியைத் தூக்கிப் பார்த்தாலே அதன் பாட்டன் யாரிடம் இருந்தது என்று சொல்லிவிடுவார். இந்த வெள்ளை நாய்களில் சில குட்டிகள் காது கேட்காமல் பிறக்கும். அதனால் குட்டி கண் திறந்து நடக்க ஆரம்பித்ததும் அதுக்குப் பின்னால் போய் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு. திரும்பிப் பார்த்தால் சரி. திரும்பாவிட்டால் அதைப் பெற்ற ரெண்டு வழியும் அவர் மனசில் பதிந்துவிடும். ஒரு செவிட்டு வழியோடு இன்னொரு செவிட்டு வழியைச் சேர்க்கவே மாட்டார். எம்.எல்.ஏ. சிபாரிசோடு வந்தாலும் மாட்டார்.

நாய்ச் சாப்பாட்டிலும் அம்புட்டு கறார். கேப்பைக் கூழ், தயிர்ச்சோறு, கொழுப்பை வெட்டி எடுத்த கறி உப்பில்லாமல் வேகவைத்து. "கொழுப்புப் போட்டா நாய் மந்தமாயிரும்" என்பார். வெட்டி எடுத்த கொழுப்பு என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? சின்ன வெங்காயம் போட்டு வதக்கி, ஆவுடையப்பன் தட்டுக்கு வரும்.

"எங்க ரத்தத்துக்கு நெய் ஒண்ணும் பண்ணாது. எங்க அம்மா வழி அப்படி" என்று சொல்லிக்கொண்டே தொட்டுச் சாப்பிடுவார். சொல்லும்போது வலது கண்ணின் ஓரத்தை ஒரு விரலால் தடவிக்கொள்வார். அங்கேதான் இருந்தது தங்கப்பொட்டு.

மூக்கை ஒட்டி, கண் இமை மேலே, மஞ்சளாக ஒரு தடிப்பு. வலிக்காது, அரிக்காது. அவர் அம்மா பெத்தம்மாளுக்கு இருந்தது, அம்மாவின் தம்பி கருத்தையா மாமாவுக்கு இருந்தது, ஆவுடையப்பனுக்கும் அவர் அக்கா வெள்ளத்தாய்க்கும் இருந்தது. லட்சுமி கண்ணில் வந்து உட்கார்ந்த அடையாளம் என்று அந்தக் குடும்பம் கொண்டாடியது. பொட்டு வெளியே போய்விடக் கூடாதே! அதனால் வெள்ளத்தாயைத் தாய்மாமன் கருத்தையாவுக்கே கட்டிக் கொடுத்தார்கள், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. ஆவுடையப்பனுக்கு மட்டும் முறைப்பெண் அமையாமல் போனதால் வெளியே மகாலட்சுமியைக் கட்டினார்கள். பொட்டில்லாத மருமகள் என்று பெத்தம்மாள் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினாள்.

லட்சுமி உட்கார்ந்த வீட்டு ஆட்கள் ஏன் ஒருத்தரும் அறுபதைப் பார்க்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கருத்தையா மாமா நாற்பத்தி நாலு வயசில் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நின்றவர் நின்றபடியே விழுந்தார். கண்ணேறு என்றார்கள். அவர் அண்ணன் மில் சைக்கிள் ஸ்டாண்டில் குத்தவைத்தவர் எழுந்திருக்கவில்லை. முனி அடித்துவிட்டது என்றார்கள். பெத்தம்மாள் கல்யாணப் பந்தியில் நெஞ்சைப் பிடித்தாள். வாயு என்றார்கள். நெஞ்சைத் தவிர ஊரில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழி போட்டார்கள், போங்கள்.

பாண்டிசெல்வியை நினைத்தால்தான் இந்தக் கிண்டலெல்லாம் தொண்டையில் நிற்கிறது. வெள்ளத்தாயின் மூத்த பிள்ளை. அதுக்குப் பொட்டு கண்ணில் மட்டும் இல்லை. முழங்கை, முழங்கால், விரல் கணு எல்லாம் மஞ்சள் மஞ்சளாக மொட்டு விட்டிருந்தது. அம்மனே தங்கத்தை அள்ளிப் பூட்டிவிட்டாள் என்று வீடே பூரித்தது. பத்து வயசில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று உட்கார்ந்தது, அவ்வளவுதான். "தன் பிள்ளையை அம்மன் தானே கூப்பிட்டுக்கிட்டா" என்று தாய்மாமன் ஆவுடையப்பன்தான் முதலில் சொன்னார். அக்கா வீட்டுக் கொல்லையில் வேப்ப மரத்தடியில் பீடத்துக்கு முதல் செங்கல்லை எடுத்து வைத்ததும் அவர்தான். வருசா வருசம் தை வெள்ளியில் அங்கே நெய் மிதக்கிற சர்க்கரைப் பொங்கலும் பால்கோவாவும் படைத்தார்கள். கருத்தையா போன பிறகு பால்கோவா கிண்டிக் கடைகளுக்குப் போட்டுத்தான் வெள்ளத்தாய் குடும்பம் நடத்தினாள். முதல் சட்டியின் முதல் கரண்டி எப்போதும் மகளுக்கு.

இப்போது புரட்டாசிக்கு வருவோம். சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் மலை மேல் பெருமாள். புரட்டாசி பூராவும் கறி கிடையாது என்பதால் அந்த நஷ்டத்தை நெய்யில் ஈடுகட்டிக்கொண்டிருந்தார் ஆவுடையப்பன். பாதிப் படியில் நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. இடது கை மரத்தது. வேர்வை கொட்டியது. "கேஸு" என்று சொல்லி உட்கார்ந்தார். மகாலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். பெருமாளை மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புருசனை அப்படியே கீழே இறக்கி ஆட்டோவில் போட்டு ராஜபாளையத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள். அப்போதும் வழி பூராவும் "கேஸுட்டி, வெறும் கேஸு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் சாம்சன் நிதானமான மனுசர். நெஞ்சுக்கு உடனடியாகப் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து, ரத்தம் எடுத்து, ரெண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டோடு வரச் சொன்னார். வந்தவரின் கண்ணை விளக்கடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கண்ணோரத்துல இது எத்தனை நாளா இருக்கு?"

"நாளா? தலைமுறையா இருக்கு டாக்டர். தங்கப்பொட்டு. எங்க அம்மா வழிக்கு மட்டும் வரும்."

"இது தங்கமில்ல, கொழுப்பு. ரத்தத்துல மிஞ்சினது தோலுக்கு அடியில வந்து தேங்கியிருக்கு."

ஆவுடையப்பன் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. மகாலட்சுமி கீழே மருந்துக் கடையில் வரிசையில் நின்றாள், அதனால் இந்தப் பேச்சு அவள் காதுக்குப் போகவில்லை.

"எல்லாருக்கும் ரத்தத்துல ஓடுற கொழுப்பை ஈரல் இழுத்து எடுத்துக்கிடும் அண்ணாச்சி. உங்க வீட்டு ஆளுகளுக்குப் பிறக்கும்போதே அந்தக் கதவு பாதி சாத்தியிருக்கு. உங்க சம்சாரமும் நீங்களும் ஒரே நெய்யைத் தின்னாலும் அவங்களுக்குத் தேங்காது, உங்களுக்குத் தேங்கும். நெய்யையே விட்டாலும் தேங்கும், கொஞ்சம் கம்மியா. வாயையும் கட்டணும், மாத்திரையும் போடணும். ஆயுசுக்கும் போடணும். சொந்தத்துல கட்டுறது உண்டா?"

"உண்டாவா! எங்க அக்காவைத் தாய்மாமனுக்கே குடுத்தோம்ல" என்று நெஞ்சை நிமிர்த்தினார், அந்த நெஞ்சை. பேச்சுவாக்கில் பாண்டிசெல்வி கதையையும் சொன்னார். முழங்கை, முழங்கால், விரல் கணு. சாம்சன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பிள்ளைக்கு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, கதவு முழுசா சாத்திப்போச்சு அண்ணாச்சி. உங்க மகளுக்கு எங்க பேசியிருக்கு?"

"அக்கா மகன் விஜயபாண்டிக்குத்தான். தை பிறந்ததும் பூ வைக்கோம்."

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாப்போம். ரெண்டு பேருக்கும் இது இருந்துச்சுன்னா கட்டி வைக்கது ஆபத்து. இன்னொரு பாண்டிசெல்வி பிறக்கலாம்."

கீழே இறங்கி வந்ததும் மகாலட்சுமி கேட்டாள், "டாக்டர் என்ன சொன்னாரு?"

"எண்ணெயைக் குறைக்கச் சொன்னாரு" என்றார் ஆவுடையப்பன்.

அம்புட்டு நேரம் அந்த டாக்டர் தொண்டைத்தண்ணி வற்றப் பேசினதில் வீடு வந்து சேர்ந்தது இந்த மூணு வார்த்தைதான். ஆவுடையப்பனுக்குப் புரியாமல் இல்லை. நாய் வளர்க்கிறவருக்கு இது புரியாதா? டாக்டர் பாதி சொல்லும்போதே அவருக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. ஸ்கூட்டரில் வரும்போது கண்ணுக்குள் அக்கா தெரிந்தாள், பீடத்தைச் சுற்றிக் கும்பிடுகிற அக்கா. அவளிடம் போய் என்னவென்று சொல்வது? உன் மகள் சாமி இல்லை, நம்ம வீட்டு நோய் என்றா? அந்த இடத்தில் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. கலங்கின கண்ணைத் துடைத்தபோது விரல் பொட்டில் பட்டது. அது இத்தனை வருசப் பெருமை. அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஆக, ரத்தத்தை விட்டுவிட்டு எண்ணெயைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை அட்டைகளை நாய்களின் மருந்து டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, வேளாவேளைக்குப் போடுவதாகச் சம்சாரத்திடம் சொன்னார். "மாத்திரையை ஆரம்பிச்சா விட முடியாதுடே" என்று யூனிட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பாடமே எடுத்தார்.

வாயைக் கட்டினார், அதைச் சொல்லணும். கொள்ளுக் கஞ்சி, சாமைச் சோறு, வாரத்துக்கு ஒரு புது எண்ணெய். கொழுப்பு வதக்கல் நின்றது. முகம் வற்றி, பேண்ட் இடுப்பில் நிற்காமல் போய், எதிரே வந்தவனெல்லாம் "சுகர் வந்துருச்சோ" என்று துக்கம் விசாரித்தான். மார்கழியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கூட வந்தது வந்தோமே என்று மகாலட்சுமியும் கையை நீட்டினாள். அவள் அந்த மூணு மாசமும் நாத்தனார் கொடுத்தனுப்பின பால்கோவாவை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தவள். ரிப்போர்ட் வந்தது. அவளுக்கு எல்லாம் சரி. அவருக்குக் கொழுப்பு இறங்கினேனா பார் என்று கொஞ்சம் போல அசைந்துவிட்டு அங்கேயே நின்றது.

"லேப்புக்காரன் திருடன்" என்றார் ஆவுடையப்பன். செத்த நேரம் யோசித்துவிட்டு, "உங்க வீட்டு ரத்தம் வெறும் தண்ணிட்டி. அதான் ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது" என்று சம்சாரத்தையும் ஒரு போடு போட்டார்.

அந்த மாசம்தான் மகள் யோகேஸ்வரி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். மில் ஆபீசில் வேலை பார்க்கிறவள், அழுத்தமான பிள்ளை. "அம்மா, எனக்கும் வந்துருச்சு." கண்ணோரத்தில் மிளகு அளவு மஞ்சள். மகாலட்சுமி அவளைக் கூட்டிக்கொண்டு நேராகச் சாம்சனிடம் போனாள். "அண்ணாச்சி உங்ககிட்ட சொல்லவே இல்லையா? புரட்டாசியிலயே சொன்னேனேம்மா" என்றார் அவர். தாயும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ரத்தம் பார்த்தார்கள், யோகேஸ்வரிக்கும் அதே கணக்குத்தான். அவள் விஜயபாண்டிக்குப் போன் போட்டாள். அவனும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தான், அவனுக்கும் அதே.

ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கும் என்பதுதான் இதில் கொடுமை. "எங்க அம்மாட்ட இதை நான் சொல்ல மாட்டேன் யோகேஸ். அக்காவைச் சாமியாக்குனது மாமாதான். மாமா வந்து சொல்லட்டும்" என்றான் அவன். நாத்தனாரிடம் போய்த் தான் சொன்னால் குடும்பத்தைக் கலைத்தவள் என்று ஆகும் என மகாலட்சுமியும் நினைத்தாள். ஆக, எல்லாரும் ஆவுடையப்பன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுப்படியில் ஒருநாள் மகாலட்சுமியே கேட்டும்விட்டாள். "எனக்கு எல்லாம் தெரியும். எண்ணெயை மாத்துதீக, மாத்துதீக, மாத்திக்கிட்டே இருக்கீக. மாப்பிள்ளையை மாத்த மாட்டீகளா?"

ஆவுடையப்பன் டிவி சத்தத்தைக் கூட்டினார். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னார், "பூதானே வைக்காக, தாலியா கட்டுதாக? பொறவு பேசிக்கிடலாம்."

தை பிறந்தது. நல்ல நாள் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். வெள்ளத்தாய் கையில் பால்கோவாப் பெட்டி. இறங்கினதும் யோகேஸ்வரியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "ஏட்டி! உனக்கும் லட்சுமி இறங்கிட்டாளா! எம் மருமகளுக்கும் பொட்டு வந்துருச்சு, பாருங்க எல்லாரும்!" என்று கூவினாள். யோகேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேன்காரனுக்குக் காபி கொடுத்தாச்சா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளையைப் பெற்றவள்தான், ஆனாலும் புருசன் இல்லாதவள் பூவைத் தொடக்கூடாதாம். அதனால் பூத்தட்டைப் பங்காளி வீட்டுச் சுடலைமாடத்தியிடம் கொடுத்துவிட்டு வெள்ளத்தாய் ஓரமாகக் கதவை ஒட்டி நின்றாள். முகத்தில் மட்டும் சந்தோசம் தாங்கவில்லை. நல்ல நேரத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர். பின் ஸீட்டில் ஒரு வெள்ளைப் பெட்டை நாய். இணை சேர்க்கக் கொண்டுவரச் சொல்லி அவரிடம் போன மாசமே ஆவுடையப்பன் நாள் சொல்லியிருந்தார், சொன்னதை மறந்தும் போயிருந்தார். "ஏனுங்க, விசேசமுங்களா? நான் இன்னொரு நாளைக்கு வரட்டுங்களா?" என்று அந்த மனுசர் மரியாதையாகத்தான் கேட்டார். போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாய் என்று வந்துவிட்டால் ஆவுடையப்பனுக்குச் சொந்த வீட்டு விசேசம் கூடக் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது! எல்லாரையும் பின்வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டார். கம்பி வலைக்குள் அவருடைய ஆண் நாய் வீரன், அத்தனை பெருமையும் உருவெடுத்து நின்றது.

பெட்டையின் பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். "இதோட தாய் யாருட்ட இருந்துச்சு?" வந்தவர் ஒரு பேரைச் சொன்னார். "அதுல காது கேக்காத குட்டி ஏதும் விழுந்திருக்கா? மறைக்காமச் சொல்லணும்."

"ஒண்ணே ஒண்ணுங்க. அதுவும் முந்தின ஈத்துலங்க."

"அப்ப முடியாது."

"ஏனுங்க, இதுக்கு நல்லாக் காது கேக்குமுங்களே."

"இதுக்குக் கேக்கும். வீரனுக்கும் கேக்கும். ஆனா வீரன் தாய்க்கும் ஒருக்க செவிட்டுக் குட்டி விழுந்துச்சு. நான் எதையும் மறைக்க மாட்டேன்" என்று ஆவுடையப்பன் குரலை உயர்த்தினார். "வெளிய பாத்தா ரெண்டும் ராசா மாதிரி இருக்கும். உள்ள ரத்தத்துல குறை ஒளிஞ்சிருக்கும். ஒரு பக்கம் இருந்தா தப்பிச்சிரலாம். ரெண்டு பக்கமும் இருக்குன்னு தெரிஞ்சும் சேத்து வச்சோம்னா, பிறக்குற குட்டிதான பாடுபடும்? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஈத்துல முதல் குட்டி உங்களுக்கேங்க. எது வேணுமோ எடுத்துக்குங்க."

"ஒரு குட்டிக்கு ஆசைப்பட்டு இந்தப் பாவத்தைப் பண்ணச் சொல்லுதீகளா? விசாரிக்காமச் சேத்து வைக்கிறவன் நாய் வளக்கவே லாயக்கில்லாதவன்!"

சபாஷ் என்று சொல்வதுபோல் சொந்தக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் முகத்தில் பல நாளுக்கப்புறம் பழைய களை வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். அந்தத் துண்டு தோளில் விழுவதற்குள் யோகேஸ்வரியின் குரல் கேட்டது. பட்டுச்சேலையோடு பின்வாசல் படியில் நின்றிருந்தாள்.

"அப்பா, வீரனுக்கு விசாரிச்சிட்டீக. எனக்கு விசாரிச்சீகளா?"

ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. விஜயபாண்டி மட்டும் தலையைக் குனிந்தான்.

"உள்ள போம்மா. நல்ல நேரம் வந்துருச்சு" என்றார் ஆவுடையப்பன். குரல் பாதியாகிவிட்டது.

"எனக்கும் அத்தானுக்கும் ரத்தத்துல ஒரே குறைதான் இருக்கு. டாக்டர் உங்ககிட்டப் புரட்டாசியிலயே சொல்லிட்டாராம். பாண்டிசெல்வி மைனி மாதிரி இன்னொரு பிள்ளை பிறக்கலாம்னு சொன்னாராமே. நீங்க சொல்லுவீக சொல்லுவீகன்னு பாத்தேன்."

அங்கேயும் பின்வாசல் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்த வெள்ளத்தாய் அப்போதுதான் முன்னால் வந்தாள். "எம் மக பேரை எதுக்கு எடுக்க? அவளுக்கு என்ன குறை?" யோகேஸ்வரி படியிறங்கி அவள் பக்கத்தில் வந்தாள். "கேக்கேன்ல? எம் புள்ளைக்கு என்னட்டி குறை?"

யோகேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கண்ணில் இருப்பது தங்கமில்லை, கொழுப்பு. கருத்தையா மாமாவிடமிருந்து ஒன்று, அத்தையிடமிருந்து ஒன்று, ரெண்டும் பாண்டிசெல்விக்கு வந்து சேர்ந்துவிட்டது. முழங்கையிலும் முழங்காலிலும் இருந்ததும் அதேதான். நெஞ்சுக்குள்ளும் அதேதான் அடைத்தது. சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னாள், அழாமல் சொன்னாள்.

வெள்ளத்தாய் கையிலிருந்த பால்கோவாப் பெட்டியைப் பார்த்தாள். "கேட்டப்பல்லாம் சட்டியை வழிச்சு ஊட்டுனேனே" என்றாள். "சாமி கேக்கு, சாமி கேக்குன்னு நெய்யை அள்ளி அள்ளி ஊட்டுனேனேட்டி."

"அதனால இல்ல அத்தை. பச்சைத் தண்ணி குடிச்சு வளந்திருந்தாலும் அந்த ரத்தத்துக்கு அது தேங்கத்தான் செய்யும். உங்களால இல்ல."

"பொறவு யாராலட்டி?"

வெள்ளத்தாய் தம்பி பக்கம் திரும்பினாள். ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றுமில்லாமல்.

"அக்கா, நீ தாங்க மாட்டேன்னுதான் நான் சொல்லல..."

"ஏலே ஆவுடை, பேசாத" என்றாள். கத்தவில்லை. "என்னை மாமனுக்குக் கட்டும்போது எனக்குப் பதினேழு வயசு. ஒருத்தரும் விசாரிக்கல. அம்மாவுக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியாது, தெரியாமப் பண்ணிட்டாக. எம் புள்ளை போயிட்டா. சரி. உனக்குத் தெரியும்லலே? தெரிஞ்சுக்கிட்டே எம் மகனுக்கு உம் மகளைப் பூ வைக்க என்னை வேன் பிடிச்சு வரச் சொல்லியிருக்க. அந்தக் கோயம்புத்தூராருட்ட மறைக்க மாட்டேன்னு சொல்லுத. கூடப் பிறந்தவகிட்ட மறைச்சிருக்க."

கோயம்புத்தூர்க்காரர் தன் நாயின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கார் பக்கம் நகர்ந்தார். பாவம், அவருக்கு எதுவும் விளங்கவில்லை, அங்கே நிற்கக் கூடாது என்று மட்டும் விளங்கியது.

வெள்ளத்தாய் சுடலைமாடத்தியின் கையிலிருந்த தட்டிலிருந்து பூவை எடுத்தாள். தொடக்கூடாத கையால் எடுத்தாள். "மைனி, நீங்க தொடக்கூடாது..." என்று இழுத்த சுடலைமாடத்தி அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். யோகேஸ்வரிக்கு வைக்கத்தான் எடுக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மருமகளைத் தாண்டி, தம்பியைத் தாண்டி நேரே போய்க் கம்பி வலைக் கதவைத் திறந்தாள். அந்த மல்லிகைச் சரத்தை வீரன் கழுத்தில் சுற்றினாள்.

"இந்த வீட்டுல ரெண்டு பக்கமும் விசாரிச்சுச் சம்பந்தம் பண்ணுறது இதுக்கு மட்டும்தான்" என்றாள். "இதுதாம்லே குடுத்து வச்சது."

பால்கோவாப் பெட்டியைத் தட்டின் மேல் வைத்துவிட்டு வேனில் போய் ஏறினாள். விஜயபாண்டி யோகேஸ்வரி பக்கத்தில் ஒரு நிமிசம் நின்றான். "வாரேன்" என்றான். அவள் தலையசைத்தாள். அதுக்கு மேல் அந்தச் சம்பந்தத்தில் பேச ஒன்றும் இல்லை. வந்தவர்கள் சாப்பிடாமல் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள்.

வீரனுக்கு ஒரே குஷி. பூவோடு அங்கேயும் இங்கேயும் நடந்து, எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றப் போன ஆவுடையப்பன் சரத்தில் கை வைத்தார், எடுத்துவிட்டார். மூலையில் இருந்த மருந்து டப்பாவைத் திறந்தார். பூச்சி மருந்துக்கும் பவுடருக்கும் அடியில் அவருடைய மாத்திரைகள் ஒன்றுகூடப் பிரிக்காமல் அட்டை அட்டையாக இருந்தன. பின்னால் வந்து நின்ற மகாலட்சுமி அதைப் பார்த்தாள்.

"செத்த தண்ணி கொண்டா" என்றார் ஆவுடையப்பன்.

அவள் போகாமல் நின்றாள். "மகளுக்கும் சேத்து எடுங்க" என்றாள். "டாக்டர் அவளுக்கும் அதேதான் எழுதிக் குடுத்திருக்காரு. மார்கழியில இருந்து அவ போடுதா. நீங்க கேக்கவே இல்ல."